எடை குறையும்போது கொழுப்பை ஒளியால் அளப்பது: தசை எட்டிப்பார்க்கும் இடம்

எடைக் குறைப்பு ஆய்வில், தோல் வழியே ஒளியைச் செலுத்தித் திரும்பி வருவதை அளக்கும் ஒளிக்கருவியை வயிற்றில் வைத்து அளக்கத் தொடங்குபவர்களுக்கு, எட்டாவது பன்னிரண்டாவது வாரத்தில் பெரும்பாலும் ஒரு சந்தோஷம் காத்திருக்கும். ஹீமோகுளோபின் ஏறியிருக்கும். நீரின் பங்கு ஏறியிருக்கும். லிப்பிட், அதாவது கொழுப்புப் பொருள், இறங்கியிருக்கும். கொழுப்புத் திசுவுக்கு ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது என்று எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்த மூன்றும் ஒன்றாகக் கிளம்பி இப்படி நகர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கொழுப்பையல்ல, அதற்குக் கீழே இருக்கும் தசையை.

காரணம் எளிது. ஒளி போய்வரும் ஆழம் கிட்டத்தட்ட மாறாது, ஆனால் கொழுப்பின் தடிமன் வாரா வாரம் குறைகிறது. முதல் நாளில் முழுக்கக் கொழுப்புக்குள்ளேயே சுற்றி வந்த ஒளி, மூன்று மாதம் கழித்துத் தசையையும் தொட்டுவிட்டு வருகிறது. தசையில் ரத்தமும் நீரும் அதிகம், லிப்பிட் குறைவு, போதாக்குறைக்குத் தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதமான மயோகுளோபின் வேறு. அதன் நிறமாலை ஹீமோகுளோபினோடு ஒட்டிப்போவதால் இந்த அலைநீளங்களில் இரண்டையும் பிரிக்க முடியாது.

எவ்வளவு கெடுக்கும் என்பதை ஒரு காகிதக் கணக்கில் பார்த்துவிடலாம். கொழுப்பில் மொத்த ஹீமோகுளோபின் 15 மைக்ரோமோலார், தசையில் 80 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒளிப்பாதையில் 5 சதவீதம் தசைக்குள் போனால் கருவி காட்டுவது 18.25. கொழுப்பு மெலிந்து அந்தப் பங்கு 15 சதவீதம் ஆனால் 24.75. கொழுப்புத் திசுவில் ஒரு துளி ரத்தம்கூடக் கூடவில்லை, எண் மட்டும் 36 சதவீதம் ஏறிவிட்டது. உண்மையில் ஒளிப்பாதை இப்படி நேர்கோட்டில் பிரியாது. தசை அதிகம் உறிஞ்சுவதால் அதற்குள் போன ஒளியில் ஒரு பகுதி திரும்பியே வராது. ஆனாலும் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே சொல்லும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும்.

எந்த ஒளி, எதற்கு

650 முதல் 1000 நானோமீட்டர் வரையான அண்மை அகச்சிவப்பில்தான் திசு ஒளிக்கு வழிவிடுகிறது. அதற்குக் கீழே ஹீமோகுளோபினும் மெலனினும் விழுங்கிவிடும், மேலே நீர் விழுங்கிவிடும். இந்த இடைவெளிக்குள் நான்கு அடையாளங்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்: 760 அருகே ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் சிறு மேடு, 800ஐ ஒட்டி ஆக்சிஜன் உள்ளதும் இல்லாததும் ஒரே அளவு உறிஞ்சும் புள்ளி, 930இல் லிப்பிட்டின் முகடு, 970இல் நீரின் முகடு. நல்ல தடிமனான வயிற்றுக் கொழுப்பில் எடுத்த நிறமாலையில் 930 கூர்மையாக நிமிர்ந்து நிற்கும், 970 அதன் வலது தோளில் ஒரு சரிவு போலத்தான் தெரியும். மெலிந்தவரின் வயிற்றில் இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடும். அளந்த நிறமாலையை இந்தப் பொருட்களின் நிறமாலைகளோடு பொருத்தும் நிரலை ஓட்டுவதற்கு முன்பே, வெறுங்கண்ணால் இந்த வடிவத்தைப் பார்த்துத் தசை கலந்திருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

திசு ஒளியை விழுங்குவதை (உறிஞ்சல்), அது ஒளியைத் திசைமாற்றிப் பரப்புவதிலிருந்து (சிதறல்) பிரிக்காமல் இதில் எதையும் எண்ணாக்க முடியாது. தொடர்ச்சியாக எரியும் ஒரு விளக்கும் ஒரே ஒரு டிடெக்டரும் மட்டும் இருந்தால், திரும்பி வரும் ஒளி குறைந்ததற்கு ரத்தம் கூடியது காரணமா, சிதறல் மாறியது காரணமா என்று தெரியாது. எடைக் குறைப்பில் இரண்டும் மாறும். ஆகவே லேசர் ஒளியின் செறிவை 50 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரையான வேகத்தில் ஏற்றி இறக்கி, திரும்பும் ஒளியின் வலிமையோடு (வீச்சு) அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு தாமதமாகிறது என்பதையும் (கட்டம்) அளந்து, அதிலிருந்து இரண்டையும் தனித்தனியாக எடுக்கும் அதிர்வெண் முறைதான் இதற்கு ஏற்றது. நான்கைந்து லேசர்களில் சிதறலைக் கண்டுபிடித்து, இடைப்பட்ட அலைநீளங்களை வெள்ளொளியும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் கொண்டு நிரப்பும் கலப்பு முறை கலிபோர்னியாவின் இர்வைனில் உள்ள பெக்மன் லேசர் நிலையத்தில் வளர்ந்தது. லிப்பிட்டையும் நீரையும் நம்பகமாகப் பிரிக்க 900க்கு மேல் அடர்த்தியாகப் புள்ளிகள் வேண்டும். அந்த வேலைக்கு இந்தக் கலப்பு முறை மிகப் பொருத்தம்.

கேமராவும் கோட்டு வடிவ ஒளியும் கொண்டு பரப்பைப் படமெடுக்கும் முறை கண்ணுக்கு அழகு, ஆனால் சில மில்லிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். வயிற்றுக் கொழுப்பு ஆய்வில் அது பெரும்பாலும் தோலைத்தான் ஆராயும். இன்னொன்று, 1984இல் கான்வேயும் நாரிஸும் அறிமுகப்படுத்திய அகச்சிவப்பு முறையின் வழிவந்த கையடக்கக் கருவிகள். மேற்கையில் ஒரு தொடுதல், உடனே உடல் கொழுப்பு சதவீதம். அந்தச் சூத்திரத்துக்குள் எடையும் உயரமும் உட்கார்ந்திருக்கின்றன. எடை குறைந்தவர் தன் புதிய எடையைத் தட்டச்சு செய்ததுமே கொழுப்பும் குறைந்துவிடும். ஆராய்ச்சிக்கு ஆகாது.

எந்த ஒளிமுறையாலும் வயிற்றுக்குள்ளே, உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்பை மேலிருந்து அளக்க முடியாது. நடுவே தசைச் சுவர் இருக்கிறது. அது வேண்டுமென்றால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.தான். பங்கேற்பாளர்களுக்குக் கொடுக்கும் விளக்கத் தாளிலேயே இதை எழுதிவிடுவது நல்லது, கட்டாயம் கேட்பார்கள்.

இடைவெளியை முடிவுத் தடிமனுக்குத் தீர்மானியுங்கள்

ஒளி நுழையும் இடத்துக்கும் டிடெக்டருக்கும் உள்ள இடைவெளிதான் ஆழத்தைத் தீர்மானிக்கும். கைக்கணக்கு: சராசரி ஆழம் இடைவெளியில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை. 28 மி.மீ. இடைவெளிக்கு ஏறத்தாழ 9 முதல் 14 மி.மீ. இது சராசரி மட்டுமே. வாழைப்பழ வடிவில் வளைந்து போகும் பாதையின் அடிவால் இன்னும் கீழே போகும்.

முதல் நாள் அல்ட்ராசவுண்டில் 20 மி.மீ. கொழுப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இருக்கிறதே என்று 30 மி.மீ. இடைவெளி வைப்பது வழக்கமான தவறு. அதே மனிதருக்கு ஆய்வு முடியும்போது 13 மி.மீ. இருக்கலாம். இடைவெளியை நடுவில் மாற்றினால் முந்தைய அளவுகளோடு ஒப்பிட முடியாது. ஆகவே எதிர்பார்க்கும் இறுதித் தடிமனை மதிப்பிட்டு, இடைவெளியின் பாதி அதற்குள் அடங்கும்படி தொடக்கத்திலேயே வையுங்கள். இறுதியில் 13 மி.மீ. என்றால் 26 மேல்வரம்பு, 20 அருகே வைத்தால் நிம்மதி. மிகவும் குறைத்தாலும் ஆகாது. 10 மி.மீ.க்குக் கீழே போனால் தோலின் பங்கு ஓங்கிவிடும், திசுவுக்குள் ஒளி பரவுவதைக் கணக்கிடும் பரவல் சமன்பாட்டின் அடிப்படையும் ஆட்டம் காணும்.

முடிந்தால் இரண்டு டிடெக்டர்கள், ஒன்று 15இல், ஒன்று 28இல். இருவேறு ஆழங்களும் சேர்ந்து ஒரே மாதிரி மாறினால் மாற்றம் கொழுப்பில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். தூரத்து டிடெக்டர் மட்டும் ஏறி, கிட்டத்து டிடெக்டர் சும்மா இருந்தால் அது தசை. இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான சோதனை இந்தத் துறையில் வேறு இல்லை. இருந்தும் பல அமைப்புகளில் ஒரே ஒரு டிடெக்டர்தான் இருக்கிறது.

மனிதர்களிடம் போவதற்கு முன் அடுக்குப் பான்டமில், அதாவது திசு போலவே ஒளியை உறிஞ்சிச் சிதறடிக்கும் போலி மாதிரியில், இதைச் சோதித்துவிட வேண்டும். கீழே தசை போல அதிகம் உறிஞ்சும் கட்டி. அதன்மேல் கொழுப்பு போல வெளிறிய தகடுகள் 6, 9, 12, 15, 20 மி.மீ. தடிமன்களில். உங்கள் ப்ரோப் (தோலில் வைக்கும் கருவிமுனை) எந்தத் தடிமனுக்குக் கீழே அடித்தட்டைப் பார்க்கத் தொடங்குகிறது என்று ஒரு வளைகோடு வரைந்துவிடுங்கள். பிறகு எந்தப் பங்கேற்பாளரின் எந்த வார அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிறதோ, அதைத் தனியாகக் குறித்துவைக்கலாம். தகடுகளுக்கு இடையே காற்று மாட்டிக்கொண்டால் முழுச் சோதனையும் வீண். நடுவில் ஓரிரு சொட்டு நீரோ மெல்லிய எண்ணெயோ விட்டு, ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்து ஒட்ட வேண்டும்.

பான்டம்

திரவப் பான்டத்துக்கு 20 சதவீத இன்ட்ராலிப்பிட் (நோயாளிகளுக்கு ஊசி வழியே ஏற்றும் கொழுப்புப் பால்மம்) 50 மி.லி., நீர் 950 மி.லி. இது 1 சதவீதக் கலவை. 750–800 நானோமீட்டரில் சிதறலின் அளவைச் சொல்லும் 'குறைக்கப்பட்ட சிதறல் கெழு' மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 வரும், கொழுப்புத் திசுவுக்கு அருகிலேயே. உறிஞ்சலுக்குக் கறுப்பு மையை நீர்த்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சேர்ப்புக்கும் உறிஞ்சல் நேர்கோட்டில் ஏறுகிறதா, சிதறல் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மை சேர்க்கும்போது சிதறலும் சேர்ந்து நகர்ந்தால் கருவியில் வீச்சும் கட்டமும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் டிடெக்டருக்குப் போகும் ஒளி அதிகமாகியிருக்கும். ஒளியைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இந்தக் கலவை பெரும்பகுதி நீர் என்பதால் 930 முகட்டைச் சோதிக்க உதவாது. நீருக்கு மட்டும் நல்ல சோதனை: 970இல் தூய நீரின் உறிஞ்சல் மில்லிமீட்டருக்கு 0.045 அளவில் வர வேண்டும். கலவையை அன்றன்றே தயாரித்து அன்றே கொட்டிவிடுங்கள்.

நாள்தோறும் கருவியைச் சரிபார்க்கத் திடப் பான்டம் வேண்டும். சிலிகோன், சிதறலுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, உறிஞ்சலுக்கு எத்தனாலில் கரைத்த நிக்ரோசின் சாயம். வெள்ளைத் தூள் கனமானது, அடியில் தங்கும். அல்ட்ராசோனிக் குளியலில் கலக்கி, வெற்றிடத்தில் குமிழ் எடுத்து, கெட்டியாகும் வரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் மேல்பக்கமும் அடிப்பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் வேறு எண் சொன்னால் தூள் தங்கிவிட்டது, மறுபடி ஊற்ற வேண்டியதுதான். அளவு குறைந்தது 10 செ.மீ. சதுரம், 5 செ.மீ. தடிமன். சிறியதாக இருந்தால் ஓரங்களில் ஒளி தப்பி உறிஞ்சல் அதிகம் போலக் காட்டும்.

ஒவ்வொரு அமர்விலும் மனிதரை அளப்பதற்கு முன்னும் பின்னும் இதே பான்டத்தை அளக்க வேண்டும். முன் மட்டும் அளப்பது பாதி வேலை. லேசர் சூடேறி நகர்ந்தது பின் அளவில்தான் தெரியும். கருவியை இயக்கி அரை மணி நேரமாவது விட்டபின் தொடங்குங்கள்.

ப்ரோபை வைப்பது

நல்ல தரவு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பங்கேற்பாளர் காலையில், இரவு உணவுக்குப் பின் வேறெதுவும் சாப்பிடாமல், காபி தேநீர் குடிக்காமல், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இல்லாமல் வர வேண்டும். சாப்பிட்ட பிறகு கொழுப்புத் திசுவின் ரத்த ஓட்டம் கூடும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறு அளவில். உடல் பருமன் உள்ளவர்களில் இந்த ஏற்றம் மங்கலாக இருக்கும். எடை குறைந்தபின் ஒருவருக்கு அது திரும்பினால், ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டும் மறுவாரம் வெறும் வயிற்றிலும் அளந்த கணக்கு முழுக்கக் குழம்பிவிடும்.

சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் இடுப்பு எலாஸ்டிக் பதிந்த சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் கருவியை வைக்காதீர்கள். அழுத்தம் விலகியதும் அங்கே ரத்தம் பாய்ந்து கொஞ்ச நேரத்துக்கு இயல்பைவிட அதிகமாக இருக்கும். ஆடையைத் தளர்த்தி, மல்லாக்கப் படுக்கவைத்து, 22–24 டிகிரி அறையில் 20 நிமிடம் விடுங்கள். இந்த ஓய்வு தோல் வெப்பநிலை நிலைக்கவும் வேண்டும். நீரின் 970 முகடு வெப்பநிலையோடு நகரும். குளிர்ந்த தோலில் எடுத்த நிறமாலையைச் சூடான நீரின் நிறமாலையோடு பொருத்தினால் லிப்பிட்டில் பிழை விழும்.

அடுத்தது இடம். தொப்புளிலிருந்து பக்கவாட்டில் 5 செ.மீ. என்று எழுதிவைத்தால் மூன்று மாதத்தில் அது வேறு இடம். வயிறு சுருங்கும்போது தோல் நகரும், தொப்புளும் நகரும். இடுப்பெலும்பின் முன்முனை நகராது. அதையும் தொப்புளையும் இணைக்கும் கோட்டில் விகிதம் வைத்துக் குறியுங்கள், உதாரணமாகத் தொப்புளிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. கூடவே ஒளி ஊடுருவும் தாளை வயிற்றில் விரித்து, மச்சம், தழும்பு, தோல்வரி எல்லாவற்றையும் பேனாவால் நகலெடுத்துப் பெயரெண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தத் தாளை மச்சங்களோடு பொருத்தினால் இடம் சில மில்லிமீட்டருக்குள் கிடைக்கும். தாள் மச்சங்களோடு பொருந்தாமல் ஒரு பக்கம் இழுத்தால் தோல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதும் இலவசமாகத் தெரியும். நடுக்கோட்டைத் தவிருங்கள், அங்கே அடியில் இருப்பது தசையல்ல, வெண்ணிற நாண்திசு.

மச்சத்தின் மேலும் தழும்பின் மேலும் இழைமுனை (ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழையின் முனை) படக்கூடாது. மயிரை மழிக்க வேண்டுமானால் முந்தைய நாளே. அன்றே மழித்தால் தோல் சிவக்கும். ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவே மயிர் இருந்தால் ஒளி திசுவுக்குள் போகாமல் மயிரின் வழியே குறுக்கே ஓடி டிடெக்டரை அடையும். இந்தக் கசிவொளிதான் பல வினோத முடிவுகளுக்குக் காரணம். உறிஞ்சல் எல்லா அலைநீளத்திலும் குறைந்து, நிறமாலை தட்டையாகிவிடும்.

இனி அழுத்தம். ப்ரோபைக் கையால் பிடித்து அழுத்தாதீர்கள். தன் எடையில் உட்காரட்டும், கேபிளின் பாரத்தை ஒரு தாங்கி ஏற்கட்டும். வைத்தவுடன் திரையில் 690 நானோமீட்டர் வீச்சைக் கவனியுங்கள். முதல் 10, 20 விநாடிகள் அது மெல்ல ஏறிக்கொண்டே போனால் ப்ரோபின் கீழிருந்து ரத்தம் பிதுங்கி வெளியேறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அளந்து முடித்து ப்ரோபைத் தூக்கும்போது தோலைப் பாருங்கள்: விளிம்பின் வட்டம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தால் அந்த அளவு செல்லாது. இந்த ஒரு பார்வை எந்த அழுத்த உணரியையும்விட நேர்மையானது.

மூச்சு இழுக்கும்போது வயிறு எழும், ப்ரோப் சாயும். மூச்சை வெளியே விட்டு, அடுத்ததை இழுக்கும் முன் இருக்கும் அந்த இயல்பான இடைவேளையில் அளவெடுங்கள். பிடித்துவை என்று சொன்னால் வயிற்றுத் தசையை இறுக்கிவிடுவார்கள், தசை மேலெழுந்து கொழுப்பு தட்டையாகும். மேலே கறுப்புத் துணி, அறை விளக்கு அணைப்பு, ஒவ்வொரு புள்ளிக்கும் கருவியின் ஒளியையும் அணைத்து ஒரு இருட்டு அளவு.

ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ப்ரோபைத் தூக்கி மறுபடி வைத்து. தூக்காமல் எடுத்த மூன்றும் அழகாக ஒத்துப்போகும். ஆனால் அது கருவியின் நிலைப்பை மட்டுமே சொல்லும், உங்கள் கையின் நிலைப்பைச் சொல்லாது.

படம் வேண்டுமென்றால் 10 மி.மீ. இடைவெளியில் 5க்கு 5 கட்டம், 25 புள்ளி. இதை மென்மையாக்கி வண்ணம் பூசினால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று செ.மீ. அகலத்தைச் சராசரியாக்கித் தருகிறது. அடுத்தடுத்த புள்ளிகள் பாதிக்குமேல் ஒரே திசுவைத்தான் பார்க்கின்றன. வண்ணப் படத்தில் 5 மி.மீ. அகலத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது உடலில் இல்லை, மென்மையாக்கும் நிரலில் இருக்கிறது. புள்ளிவிவரத்துக்கு 25 தனி அளவுகள் என்றும் எண்ணிக்கொள்ளக்கூடாது. ஒரு ஆள், ஒரு அளவு.

லேசர் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும், படுத்திருப்பவருக்கும். தோலில் தொடர்ந்து படும் ஒளியின் அனுமதி வரம்பு 700 நானோமீட்டர் வரை சதுர செ.மீ.க்கு 0.2 வாட், 850இல் ஏறத்தாழ 0.4. இழைமுனையைத் தோலோடு ஒட்டவைத்தால் பரப்பு மிகச் சிறியது, வரம்பு சட்டென்று வந்துவிடும். ஒரு சிறு இடைவெளி விட்டு ஒளியை விரியவிடுங்கள்.

அல்ட்ராசவுண்டு இல்லாமல் இந்த வேலையே வேண்டாம்

ஒவ்வொரு வருகையிலும், அதே புள்ளியில், கொழுப்பின் தடிமன் வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் ஒளி, பிறகு அல்ட்ராசவுண்டு, கடைசியில் தோலைக் கிள்ளித் தடிமன் அளக்கும் மடிப்பு இடுக்கி. ஜெல் பூசியபின் ஒளியை அளந்தால் ஜெல்லே ஒளிக்குழாய் ஆகிவிடும். இடுக்கியால் கிள்ளியபின் அளந்தால் தோல் சிவந்திருக்கும்.

ஜெல்லைத் தாராளமாக வைத்து, திரையில் தோலுக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை தெரியும்படி மிதக்கவிட்டு அளவெடுங்கள். பட்டை மறைந்தால் அழுத்துகிறீர்கள். வயிற்றுக் கொழுப்பின் நடுவே ஒரு பிரகாசமான கோடு ஓடும். அது மேலடுக்கையும் கீழடுக்கையும் பிரிக்கும் ஸ்கார்ப்பா உறை. அதையே தசையின் மேல்விளிம்பு என்று நினைத்து அளப்பவர்கள் உண்டு, தடிமன் பாதியாகிவிடும். சந்தேகம் வந்தால் படுத்திருப்பவரைத் தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். தசை தடித்து எழும், உறை அப்படியே இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். கருவிகள் ஒலியின் வேகத்தை விநாடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகின்றன. கொழுப்பில் அது ஏறத்தாழ 1450. ஆகவே திரையில் தெரியும் தடிமன் உண்மையைவிட 6 சதவீதம் கூடுதல். வாரா வாரம் ஒப்பிட இது பொருட்டல்ல. ஒளி மாதிரியில் தடிமனை எண்ணாக உள்ளிடும்போது திருத்த வேண்டும்.

எண்களைப் பிரிக்கும்போது

கட்டாயம் ஒருவராவது விழும் குழி: ஹீமோகுளோபினின் உறிஞ்சல் அட்டவணைகள், ஸ்காட் பிரால் தொகுத்து எல்லோரும் பயன்படுத்துவது உட்பட, 10 அடிமான மடக்கையில் இருக்கின்றன. உங்கள் உறிஞ்சல் கெழுவோ இயல் மடக்கையில். ஆகவே அட்டவணை எண்களை 2.303ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் ஹீமோகுளோபின் இரண்டேகால் மடங்கு அதிகமாக வரும். ஆக்சிஜன் செறிவு மட்டும் விகிதம் என்பதால் சரியாகவே வரும், அதனால்தான் தப்பு பல நாள் கண்ணில் படாது. வயிற்றுக் கொழுப்பில் 40, 50 மைக்ரோமோலார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். கொழுப்பில் 10 முதல் 25 வரை இயல்பு.

லிப்பிட், நீர் இரண்டையும் கூட்டினால் 100 வர வேண்டும் என்று நிரலைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயப்படுத்தினால் நீரில் உள்ள பிழை அப்படியே லிப்பிட்டில் எதிர்ப்புறமாகக் கொட்டும், ஒன்று ஏற மற்றது இறங்குவது உடலியல் கண்டுபிடிப்பு போலத் தோன்றும். தனித்தனியாக விடுங்கள். கூட்டினால் 85–105க்கு வெளியே போகிறதா என்பதைத் தரச்சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தலின் மிச்சத்தை, அதாவது அளந்ததற்கும் பொருத்தியதற்கும் உள்ள வித்தியாசத்தை, வரைந்து பாருங்கள். 930 அருகே அலைபோல நெளிந்தால் லிப்பிட் நிறமாலையோ ஸ்பெக்ட்ரோமீட்டரின் அலைநீள அளவீடோ சற்று விலகியிருக்கிறது.

சிதறலில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. பெரியவர்களில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாது. எடை குறைந்தாலும் அப்படித்தான், செல் சுருங்கும், தொலையாது. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதிதாக மாறுகிறது என்று ஸ்பால்டிங் குழு 2008இல் காட்டியது, அதுவும் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐக் கடிகாரமாக வைத்து. இப்போது செல்லின் விட்டம் 100 மைக்ரானிலிருந்து 90 ஆனால் கொள்ளளவு 27 சதவீதம் குறையும், ஒரு கொள்ளளவுக்குள் இருக்கும் எல்லைப்பரப்பு 11 சதவீதம் கூடும். ஒளி சிதறுவது லிப்பிட்டும் நீரும் சந்திக்கும் எல்லைகளில் என்பதால் சிதறல் கூட வேண்டும். தசை கலந்தாலோ சிதறல் பெரும்பாலும் இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின் ஏறிச் சிதறலும் ஏறினால் நம்பலாம், ஹீமோகுளோபின் ஏறிச் சிதறல் இறங்கினால் மறுபடி அல்ட்ராசவுண்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். நார்த்திசுவும் நீர்ச்சத்தும்கூடச் சிதறலை மாற்றும் என்பதால் இதைத் தீர்ப்பாக அல்ல, சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது அளப்பது

உணவுக் கட்டுப்பாடு தொடங்கும் முன் ஒரு வாரத்துக்குள் இரண்டு வெவ்வேறு நாட்களில் அடிப்படை அளவு. இது இல்லாமல் எவ்வளவு மாறினால் மாற்றம் என்று சொல்லவே முடியாது. மறு அளவுகளின் திட்ட விலக்கத்தை 2.77ஆல் பெருக்குங்கள். ஹீமோகுளோபினில் அந்தத் திட்ட விலக்கம் 1 மைக்ரோமோலார் என்றால், ஒரு தனிநபரிடம் 2.8க்குக் குறைந்த எந்த மாற்றமும் பேசத்தக்கதல்ல. குழுச் சராசரியில் அதைவிடச் சிறியது தெரியும். அது வேறு கணக்கு.

முதல் வாரத்து அளவை எடுத்தாலும் முடிவு சொல்லாதீர்கள். அந்த வாரத்தில் எடைக்கருவியில் குறைவதில் பெரும்பகுதி கிளைகோஜனும் அதோடு ஒட்டிய நீரும், ஒரு கிராம் கிளைகோஜனுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீர். 2, 4, 8, 12 வாரங்கள் போதும். மாதவிடாய்ச் சுழற்சி உள்ளவர்களுக்கு நான்கு வார இடைவெளி வசதி, பெரும்பாலும் அதே கட்டத்தில் வரும்.

கட்டுப்பாடு முடிந்து எடை அசையாமல் நிற்கும்போது, இரண்டு வாரம் கழித்து இன்னொரு அளவு வையுங்கள். பட்டினியோடு இருக்கும் திசுவும், மெலிந்து நிலைத்த திசுவும் ஒன்றல்ல. கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போது ரத்த ஓட்டம் ஒரு மாதிரி இருக்கும், ஓய்ந்தபின் வேறு மாதிரி. இந்தக் கடைசி வருகைக்குத்தான் ஆட்கள் வராமல் போவார்கள். ஆகவே முதல் நாளே அந்தத் தேதியைக் குறித்துக்கொடுத்து, மச்சங்களை நகலெடுத்த தாளைப் பத்திரமாக உறையிலிட்டு வைத்துவிடுங்கள்.